முப்பத்தொன்றாம் தேதி முடியாத காலை

இல்லை, முதலில் அழவில்லை. கேட்டவர்கள் எல்லாரிடமும் இதையேதான் சொன்னேன். முதலில் வந்தது ஒரு சந்தேகம். வியாழனா, வெள்ளியா?

செய்தியைக் கொண்டுவந்தவர் கேட் செக்யூரிட்டி. காலை ஏழே முக்கால் இருக்கும். டைம் ஆபீஸ் சன்னலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைத் தொப்பி இல்லாமல் நான் அதுவரை பார்த்ததில்லை.

"அம்மா, நம்ம ஞானமுத்து அண்ணன் போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலதான். விடிகாலை நாலு இருபதுக்காம்."

"நாலு இருபதா?" என்றேன். கை தானாக மஸ்டர் ரோலின் பக்கம் போனது.

மஸ்டர் ரோல் எங்கள் தொழிற்சாலையின் வருகைப் பதிவேடு. இரவு பதினொரு மணிக்கு உள்ளே போகும் மூன்றாவது ஷிப்ட் மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே வருகிறது. அந்த எட்டு மணி நேரமும் முந்தைய நாள் பக்கத்தில்தான் ஏறும். நடுவில் நள்ளிரவு வந்து போவதை மஸ்டர் கண்டுகொள்வதில்லை. ஆகவே விடிகாலை நாலு இருபது ஊருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை. எங்கள் ஆபீசுக்கு வியாழன்.

செக்யூரிட்டியும் அதையேதான் யோசித்திருக்கிறார். "அப்போ வியாழக்கெழமைன்னுதான் போடணும், இல்லீங்களா?" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரித்துவிட்டோம். அழுகை மத்தியானத்துக்கு மேல் வந்தது.

அடக்க ஆராதனை நோட்டீசில் பாஸ்டர் வெள்ளிக்கிழமை என்று அச்சடித்தார். மூன்றாவது ஷிப்ட் ஆட்கள் கொண்டுவந்த மலர்வளையத்தில் வியாழக்கிழமை என்று எழுதியிருந்தது. கல்லறையில் இரண்டும் அருகருகே கிடந்தன. யாரும் திருத்தவில்லை.

இதைப் படிக்கப் போகிற சபையார் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் புதிதாக வந்தவர்கள் இருக்கிறீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். ஓசூரில் சிப்காட் வந்த புதிதில் வேலைக்கு வந்தார். ஒரு சுவிட்ச் தொழிற்சாலையில் டைம் கீப்பர். நம் சபைக்குச் செயலாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குரங்குக் குல்லாய். கையில் ஒரு வாட்ச், சட்டைப் பையில் ஒரு வாட்ச். ஏன் இரண்டு என்று கேட்டால், "ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் குடுக்கும்" என்பார்.

எனக்கும் அவருக்கும் முதல் தகராறு கவிதையால். எம்.ஏ. முடித்து, கல்லூரி வேலை கிடைக்காமல், அவருக்குக் கீழே கிளார்க்காக வந்து சேர்ந்திருந்தேன். ஆட்கள் நேரம் குத்துகிற பஞ்ச் கார்டுகளில் வீணானவற்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பேன். வரிக்கு நான்கு சொல். சில வரியில் ஒன்றே ஒன்று. ஒருநாள் ஒரு கார்டை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா எம்.ஏ., வரி முடியறதுக்குள்ள அடுத்த வரிக்கு ஓடிடறியே. கார்டு பத்தலையா?"

"பத்துதுண்ணா. அது அப்படித்தான் எழுதறது."

"எடம் எவ்ளோ சும்மா கெடக்குது பாரு."

"அந்த எடமும் கவிதைதாண்ணா."

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "சரிதான். லஞ்ச் பிரேக் மாதிரி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் என் மேசைமேல் நூலால் கட்டிய வீண் கார்டுக் கட்டு ஒன்று இருந்தது. வெற்றிடத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

நம் சபை அப்போது கரீம் பாயின் பழைய தார்ப்பாய்க் குடோனில் கூடியது. முன்பக்கம் பாயின் கடை. பின்பக்கம் நாம். பாட்டுப் புத்தகம் தமிழ். பக்கத்தில் நிற்பவர் அதே ராகத்தில் கன்னடத்தில் பாடுவார். பின்வரிசையிலிருந்து தெலுங்கில் ஆமென் வரும். இந்தச் சபைக்குச் செயலாளர் ஆனதும் அவர் செய்த முதல் காரியம் வருகைப் பதிவேடு வைத்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே டிக் அடித்தார். ஆராதனை ஒன்பதுக்கு. தாமதமாக வந்தால் சிவப்பு மை. ஒரு ஞாயிறு வராதவரை அடுத்த ஞாயிறு வாசலில் நிறுத்தினார்.

"போன வாரம் காணோமே. கேஷுவலா, மெடிக்கலா?"

பாஸ்டர் பெயருக்கு நேரேயே மூன்று சிவப்பு இருந்தது. அவர் அதைக் கமிட்டியில் எடுத்தார்.

"ஞானமுத்து, இது ஆண்டவர் வீடுப்பா. ஃபேக்டரி இல்லை."

"தெரியுங்க ஐயா. ஃபேக்டரியா இருந்தா இந்நேரம் மெமோ குடுத்திருப்பாங்க."

பிரசங்கத்துக்கு ஞானமுத்து ஒதுக்கியது முப்பது நிமிடம். முப்பத்தொன்றாவது நிமிடம் எழுந்துபோய்க் கிழக்குப் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவைப்பார். வெயில் நேராகப் பாஸ்டரின் கண்ணில் அடிக்கும். சபைக்குள் இதற்குப் பெயர் சங்கு. கதவு திறந்ததும் பிள்ளைகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். "ஜெபம் பண்றவங்க வாட்ச்சைப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் ஒருத்தன் பாத்துக்கினு இருக்கறேன்" என்று அதற்கு விளக்கம் சொல்வார்.

இனிக் குக்கர் விஷயம். உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் தெரியாத மாதிரி இருந்தீர்கள்.

அவருக்கு ஒரே தங்கை, எஸ்தர். அவள் கணவர் தானியேலுக்கு எங்கள் தொழிற்சாலையிலேயே பர்னஸ் உலையில் வேலை. வேறு குடும்பம் இல்லாத அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில். அந்த நாளில் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லேட் இல்லாமல் வருகிறவருக்கு ஒரு பிரஷர் குக்கர். தானியேல் பதினொன்றே முக்கால் மாதம் பிழைத்துவிட்டார். டிசம்பர் கடைசி வாரம் பேரிகை ரோட்டில் ஒரு தக்காளி லாரி குறுக்கே கவிழ்ந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தக்காளியில் வழுக்கி விழுந்து எழுந்து கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. இரண்டு நிமிடம் வரை கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பது டைம் ஆபீசில் எழுதாத வழக்கம். மூன்றுக்கு வழக்கம் இல்லை.

"மச்சான், ஒரே ஒரு நிமிஷம்" என்று முழங்கால்வரை தக்காளியோடு நின்று கேட்டாராம் தானியேல்.

"கடியாரத்துக்குச் சொந்தக்காரன் கெடையாது மாப்ள" என்று சொல்லிச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார் ஞானமுத்து.

குக்கர் போனது. எஸ்தர் அதைக் கொண்டாட ஏற்கனவே பாசிப்பருப்பு ஊற வைத்திருந்தாள் என்று கேள்வி. அன்றோடு அந்த வீட்டுக் கதவு அண்ணனுக்கு மூடியது. "எங்கண்ணன் கடியாரத்தைக் கட்டிக்கினான். அதும்பக்கத்துலயே உக்காந்து சாப்புடச் சொல்லுங்க" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில் விசில் அடிக்கும்போதெல்லாம் சன்னலை ஓசையோடு சாத்துவாள். குடும்பமே சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது. மூன்று வருஷம்.

இதில் சிரிக்க நிறைய இருக்கிறது. நானும் சிரித்தேன். ஒரு மாதத்தின் முதல் ஞாயிறுதான் சிரிப்பு நின்றது. திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க வரிசையாக எல்லாரும் முன்னால் போனார்கள். அவர் போகவில்லை. வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமும் அப்படியே. செயலாளர் ஆயிற்றே, எண்ணுகிறார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். திருவிருந்துப் பக்கங்களில் மூன்று வருஷமாக ஒரே ஒரு பெயருக்கு நேரே டிக் இல்லை.

கேட்டேன்.

"கூடப் பொறந்தவளோட மனஸ்தாபம் வெச்சுக்கினு பந்தியில கை நீட்டக் கூடாதும்மா. போயி ஒப்புரவாயிட்டு வரணும். ரூல்."

"நீங்க போட்டது சரியான லேட்தானேண்ணா?"

"சரிதான். அதனாலதான் கஷ்டம். தப்பா இருந்தா மன்னிப்புக் கேட்டு முடிச்சிருப்பேன்."

அந்த வருஷம் நவம்பரில் தானியேலுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படப் பவுண்டரியில் வேலை கிடைத்தது. ஜனவரி மூன்றாம் தேதிக்கு லாரி பேசியாயிற்று. செய்தி எங்கள் ஆபீசுக்குக் கணக்குத் தீர்க்கும் படிவமாக வந்தது. ஞானமுத்து அதை இரண்டு தரம் படித்து மற்றத் தாள்களுக்கு அடியில் வைத்தார். அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. போனால் போனதுதான் என்று அவருக்குத் தெரியும். கோயம்புத்தூர் தூரம் ஒன்றும் பெரிதில்லை. கோபத்தோடு போகிறவர்களுக்கு அது பெரிய தூரம்.

டிசம்பர் கமிட்டியில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பழைய வருஷ ஆராதனை வழக்கம்போல் முப்பத்தொன்றாம் தேதி இரவு. ஆனால் மூன்றாவது ஷிப்டில் இருக்கும் பதினெட்டுப் பேர் அதற்கு வர முடியாது. அவர்களுக்காக முதல் தேதி காலை ஏழே காலுக்கு இன்னொரு தடவை பழைய வருஷ ஆராதனை.

பாஸ்டர் புரியாமல் பார்த்தார். "முதல் தேதி காலையில புது வருஷ ஆராதனைதானே வைக்கணும்?"

"அவங்களுக்குப் பழைய வருஷம் இன்னும் முடியலீங்களே ஐயா. மஸ்டர்ல மூணாவது ஷிப்டுக்கு அப்போ முப்பத்தொண்ணாந் தேதிதான்."

"ஏழு மணிக்கு அட்டையைக் குத்திட்டு வெளியே வந்துடறாங்க இல்ல? அப்போ உன் முப்பத்தொண்ணும் முடிஞ்சுது."

கமிட்டி பாஸ்டரைப் பெருமையோடு பார்த்தது. நல்ல அடி. ஞானமுத்து அசையவில்லை.

"அட்டை குத்தினா ஆளுக்கு முடிஞ்சுதுங்க. நாளு முடியறது நான் மஸ்டர்ல கூட்டிக் கையெழுத்துப் போட்டாத்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் தெறந்துதான் கெடக்கும்."

"அப்போ ஆண்டவர் உன் கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அவரு காத்திருக்கறவருதானுங்களே ஐயா. போன வாரம் நீங்கதான் அதைப் பத்தி முப்பத்தெட்டு நிமிஷம் சொன்னீங்க."

தீர்மானம் நிறைவேறியது. டீ கொண்டுவந்த கரீம் பாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கு சாயங்காலம் பொழுது சாய்ஞ்சாலே மறுநாளு வந்துடும். உங்காளுங்க நடு ராத்திரிங்கறாங்க. இவரு காலையில எட்டு மணிங்கறாரு. வாடகையை எந்தக் கணக்குல கேக்கறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் இதை மூன்றாவது ஷிப்டின் மேல் உள்ள கரிசனம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரத்து ஷிப்ட் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான். பதினெட்டாவது பெயர் தானியேல்.

முப்பத்தொன்று மதியம் அவர் கடைசி முயற்சியாகப் புதுக் குக்கர் ஒன்றை வாங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். பொம்பளைப் பிள்ளை நின்றால் எஸ்தர் கொஞ்சம் நிதானமாகப் பேசுவாள் என்று கணக்கு. கணக்குத் தப்பு. எஸ்தர் கதவைப் பாதி திறந்தாள். குக்கரைப் பார்த்தாள்.

"பிச்சையா?"

"இல்ல எஸ்தரு. அந்தக் குக்கரு..."

"அந்தக் குக்கரு எங்கூட்டுக்காரரு ஒரு வருஷம் ஓடி ஓடிச் சம்பாதிச்சது. இது கடையில வித்தது. ரெண்டும் ஒண்ணா?"

உள்ளே தானியேல் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். கால் விரல் ஆடிக்கொண்டிருந்தது. கதவு சாத்தப்பட்டது. ஞானமுத்து குக்கரைத் திரும்பக் கட்டினார். ஒரு கயிறு, இரண்டு முடிச்சு. "அவ சொல்றது சரிதான்" என்றார்.

அன்றிரவு வருஷம் மாறியது. பட்டாசு வெடித்தார்கள், கைகுலுக்கினார்கள், திருவிருந்து நடந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார். என்னைக் கடந்து போகும்போது, "இன்னும் டைம் இருக்குதும்மா" என்றார்.

முதல் தேதி காலை. பனி. எதிர்க்கடைப் பலகையின் எழுத்துத் தெரியாத பனி. கம்பெனி பஸ் தளி ரோட்டு முனையில் ஆட்களை இறக்கிவிட்டது. எண்ணெய்க் கையும் சிவந்த கண்ணுமாகப் பதினேழு பேர் குடோனுக்குள் வந்தார்கள். பதினெட்டாவது ஆள் ரோட்டைத் தாண்டவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பச்சை மப்ளர். ஸ்டூலில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

"போய்க் கூப்பிடட்டுமாண்ணா?"

"கூப்ட்டா எழுந்து போயிடுவான். நேத்துப் பாத்தே இல்ல."

ஒன்றைச் சொல்ல வேண்டும். டைம் ஆபீசில் எங்கள் இருவருக்கும் வேலை எட்டு மணிக்கு. நான் முந்தின நாளே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஏழு ஐம்பதுக்குள் எல்லாம் முடியும், சைக்கிளில் பத்து நிமிடம் என்று நம்பினார். இத்தனை வருஷச் சர்வீசில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்ததில்லை. இது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். பதினேழு பேருக்கும் தெரியும்.

பாட்டு முடிந்தது. பழைய வருஷத்துக்கு நன்றி சொல்லி ஜெபம் முடிந்தது. பாஸ்டர் அப்பத்தின் மேலிருந்த துணியில் கை வைத்தார். ஞானமுத்து ஸ்டூலிலிருந்து கையைத் தூக்கினார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. ஒரு ஆளு பாக்கி."

பாஸ்டர் வாசல் வழியாகப் பச்சை மப்ளரைப் பார்த்தார். துணியிலிருந்து கையை எடுத்தார். பிரசங்கத்தை ஆரம்பித்தார். அவர் ஊழியத்தில் முதன்முறையாகப் பேச எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. ஏழாவது நிமிடம் பேச ஒன்றும் இல்லாமல் போனது.

"அண்ணா, ஏழு அம்பது" என்றேன் மெதுவாக.

"எங்கிட்டயே மணி சொல்றியா?"

மூன்றாவது வரிசையில் குறட்டை கேட்டது. தளிக்காரர் ஒருவர், "அண்ணா, நித்தே பர்த்தா இதெ" என்று கன்னடத்தில் கெஞ்சினார். தூக்கம் வருகிறதாம். அவரும் எழுந்து போகவில்லை. பெஞ்சில் சாய்ந்து பக்கத்து ஆள் தோளில் தூங்கினார். யாருமே போகவில்லை.

எட்டு மணிக்குச் சிப்காட் சங்கு ஊதியது. விழித்திருந்தவர்கள் எல்லாரும் ஞானமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். கைவாட்ச்சைப் பார்த்தார். பை வாட்ச்சைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி சொல்லியிருக்க வேண்டும். குல்லாயைச் சரிசெய்துகொண்டு அப்படியே உட்கார்ந்தார். குல்லாய்க்கு வெளியே தெரிந்த முகம் சிவந்திருந்தது. வெட்கத்தில் என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டேகாலுக்குக் கரீம் பாய் வேகமாக வந்தார். "உங்க ஆபீஸ்லேருந்து போனு. மஸ்டரு கையெழுத்தில்லாம கெடக்குதாம். டைம் கீப்பரு எங்கேன்னு கத்தறாங்க. என்னா சொல்லட்டும்?"

"பழைய வருஷம் இன்னும் முடியலைன்னு சொல்லுங்க பாய்."

"எங்க வருஷம் எப்பவோ முடிஞ்சுட்டுது. அதையும் சேத்துச் சொல்லிடட்டா?" பாய் போகும்போது வாசலில் நின்று டீக்கடைப் பக்கம் பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, அந்தப் பச்சை மப்ளருக்கு இது எத்தினியாவது டீ?"

"ஆறு பாய்!"

மப்ளர் எழுந்தது. எட்டு இருபத்துமூன்றுக்கு ரோட்டைத் தாண்டியது. நேரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதிவேட்டில் இருக்கிறது.

தானியேல் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மச்சான், சங்கு ஊதி எவ்ளோ நேரமாவுது?"

"இருபத்துமூணு நிமிஷம் மாப்ள."

"நீ கேட்டுக்குப் போவலை."

"போவலை."

"லேட் போட்டுடுவாங்க."

"வேற யாரு போடப் போறாங்க? நாந்தான் போட்டுக்கணும்."

தானியேலுக்கு முதலில் மூக்கில்தான் வந்தது. அடக்கினார். முடியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பின்னாலிருந்து, டீக்கடைப் பாய்லருக்கு அந்தப் பக்கம் இத்தனை நேரம் மறைந்து நின்ற எஸ்தர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை.

"மூணு வருஷம்ண்ணா! மூணு வருஷம் பானையில பருப்பு வேக வெச்சேன்! ஒரு நாளாவது முழுசா வெந்துதா?"

"தப்புதான் எஸ்தரு."

"நீ போட்டது தப்பில்ல. எனக்குத் தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே வந்து வாசல்ல உக்காந்திருக்கலாமில்ல? இப்ப உக்காந்தியே, இந்த மாதிரி?"

ஞானமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பதிவேட்டைத் திறந்தார். தானியேல், எஸ்தர் இரண்டு பெயருக்கு நேரேயும் சிவப்பு மையில் எட்டு இருபத்துமூன்று என்று எழுதினார். ஆராதனை ஏழே காலுக்கு. தானியேல் எட்டிப் பார்த்துவிட்டு, "இவன் திருந்தமாட்டான் எஸ்தரு, வா உள்ள" என்றார்.

பதினேழு பேரையும் எழுப்பினோம். பாஸ்டர் பழைய வருஷ முடிவு ஜெபத்தையும் புது வருஷ ஆசீர்வாதத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். கிழக்குக் கதவை அன்று யாரும் திறக்கவில்லை. பனி விலகி, வெயில் தகர இடுக்கு வழியாகத் தானே உள்ளே வந்தது. ஞானமுத்து ஸ்டூலைவிட்டு எழுந்து தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் வரிசையில் நின்றார். எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார். அவரையும் சேர்த்து இருபது. பாஸ்டர் முன்னால் அவர் கை நீட்டியபோது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைச் சேர்க்க மறந்துபோனேன்.

ஆபீசுக்கு அவர் ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மூன்றாவது ஷிப்டைக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முப்பத்தொன்றாம் தேதியை மூடினார். அடுத்த பக்கத்தைத் திருப்பித் தன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் எழுதினார். வருஷத்தின் முதல் நாள், முதல் பதிவு. பர்சனல் ஆபீசர் கூப்பிட்டுக் காரணம் கேட்டாராம். "குடும்ப விஷயம் சார்" என்றாராம். மூன்று வருஷமாகச் சொல்ல முடியாத காரணம் அது. வெளியே வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். மதியம் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். மூட்டை கட்டிய சாமானுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாராம். கடையில் வாங்கிய குக்கரை எஸ்தர் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனாள்.

அடுத்த வருஷம் காலை ஆராதனையைப் பாஸ்டரே அறிவித்தார். ஏன் மறுபடியும் என்று யாரும் கேட்காமலேயே அது வழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஒவ்வொரு டிசம்பர் கடைசியும் வந்துபோனார்கள். அடக்கத்துக்கும் வந்திருந்தார்கள். தானியேல் பெட்டியின் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். "கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா, இனிமே அவனுக்கு லேட்டில்ல" என்று முன்னால் போனவர்களை அதட்டினார்.

ஞானமுத்து அண்ணன் அளவுக்கு நான் விசுவாசி இல்லை. உங்களுக்கு அது தெரியும். சில ஞாயிறு மெடிக்கல், சில ஞாயிறு கேஷுவல். படிக்கிற காலத்தில் நம்பிக்கை என்ற சொல்லைப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் பார்த்து நிறைய சந்தேகப்பட்டிருக்கிறேன். இப்போதும் சந்தேகம் உண்டு. ஆனால் எட்டு மணி சங்குக்கும் எட்டு இருபத்துமூன்றுக்கும் நடுவில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூட வேண்டிய பக்கத்தை மூடாமல், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், கூப்பிடாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த இருபத்துமூன்று நிமிடம்.

நேற்றுக் கமிட்டி கூடியது. மூன்றாவது ஷிப்டில் நம் ஆட்கள் இப்போது ஆறு பேர்தான். செயலாளரும் இல்லை. இந்த வருஷம் காலை ஆராதனை தேவையா என்று பேச்சு வந்தது. முடிவு எடுக்கவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு ஒரு தாள் எடுத்து, ஜனவரி ஒன்று, காலை ஏழே கால், பழைய வருஷ ஆராதனை, மூன்றாவது ஷிப்டுக்கு மட்டும் என்று எழுதினேன். குடோன் கதவில் ஒட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். திரும்பப் போய் 'மட்டும்' என்பதை அடித்துவிட்டு, வீட்டுக்குப் போனேன்.